வில்வண்டியும் கட்டைவண்டியும்: ஒரு முன்னச்சின் கதை

குறுவை அறுவடை சமயத்தில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போனால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் பொலேரோ பிக்கப்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். அதே சாலையில் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஆட்களை ஏற்றிக்கொண்டு பொலேரோ காரும் போகும். இரண்டும் மஹிந்திரா தயாரிப்பு. பெயர் ஒன்று, முகஜாடையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் குனிந்து முன் சக்கரங்களுக்கு நடுவே பார்த்தால் இரண்டும் வேறு வேறு வண்டிகள். காரில் இரண்டு முன் சக்கரமும் தனித்தனியாக, காயில் ஸ்பிரிங் வைத்துத் தொங்குகின்றன. பிக்கப்பில் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே அச்சு. அதன் மேல் அடுக்கடுக்காக இரும்புப் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங்.

ஒரே கம்பெனி, ஒரே பெயர். ஆளுக்கு ஒரு மாதிரி, நெல்லுக்கு ஒரு மாதிரி. இது ஏன் என்று தேடிப் போனால் விஷயம் மோட்டார் வண்டிக்கு முன்னால், மாட்டுவண்டியில் போய் நிற்கிறது.

முதலில், சக்கரம் தனித்தனியாக இருந்தால் என்ன லாபம் என்று பார்த்துவிடுவோம். ஒற்றை அச்சு வண்டியில் இடது சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் அச்சே சாய்கிறது. கல் இடது பக்கம் இருந்தாலும் வலது சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும், பம்பரத்துக்கு உள்ள அதே குணம். மெதுவாகப் போகும் வண்டியில் இது தெரியாது. வேகம் கூடினால் ஸ்டியரிங் கையில் உதற ஆரம்பித்துவிடும். 1920-களில் கார்களின் வேகம் கூடியபோது உலகம் முழுக்க இந்த உதறல் பெரிய தலைவலியாக இருந்தது. இரண்டு சக்கரத்தையும் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று பிடித்துத் தொங்கவிட்டால் ஒன்றின் குலுக்கல் மற்றதற்குப் போகாது. இதுதான் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். இத்தாலியின் லான்சியா கம்பெனி 1922-லேயே லாம்ப்டா என்ற காரில் ஒரு வகையைச் செய்து காட்டியது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போன மாரிஸ் ஓலி என்ற இங்கிலீஷ் எஞ்சினியர் இதைக் கணக்குப் போட்டு ஆராய, 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. விளம்பரத்தில் அவர்கள் வைத்த பெயர் 'முழங்கால் இயக்கம்' என்று பொருள்படும். நல்ல பெயர்தான், முழங்கால்கள் தனித்தனியாகத்தானே மடங்குகின்றன!

இனி மாட்டுவண்டிக்கு வருவோம்.

காவிரி டெல்டாவில் பழைய நாளில் இரண்டு ஜாதி வண்டி இருந்தது. ஒன்று கட்டைவண்டி. ஆள் நெஞ்சு உயரத்துக்கு மரச் சக்கரம், நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால், அதைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. அச்சின் மேல் நேராக வண்டியின் உடம்பு உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் கிடையாது. நெல், வைக்கோல், எரு எல்லாம் இதில்தான். இன்னொன்று வில்வண்டி. அதன் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வில் போல வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே வைக்கோலைப் பரப்பி மேலே ஜமக்காளம். மிராசுதாரும் அவர் வீட்டுப் பெண்களும் கோயில் திருவிழாவுக்கும் ரயிலடிக்கும் போகும் வண்டி அது. (டெல்டாவுக்கு ரயில் சீக்கிரமே வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1861-62-ல் பாதை போட்டார்கள்.)

ஆக, 'லீஃப் ஸ்பிரிங்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நம்மிடம் முன்பே ஒரு சொல் இருந்திருக்கிறது: வில். அந்த வில் யாருக்கு என்பதும் முன்பே முடிவாகியிருந்தது. மிராசுதாரின் இடுப்புக்கு வில் உண்டு. வயலில் அறுத்த நெல்லுக்கும், அந்த நெல்மூட்டை மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகும் பண்ணையாளுக்கும் கிடையாது. வில்வண்டியில் ஏறுவது அந்தஸ்தின் அடையாளம் என்பதற்குப் பக்கத்து ஊர் சாட்சி ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் 1893-ல் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தாழ்த்தப்பட்டவர்கள் போகக்கூடாது என்று தடுத்து வைத்திருந்த பொதுச் சாலையில் அதில் ஏறிப் போனார். நடந்து போயிருந்தாலும் தடையை மீறியதுதான். ஆனால் அவர் வில்வண்டியைத் தேர்ந்தெடுத்தார்.

கட்டைவண்டி அப்படியே மாறாமல் இருந்துவிடவில்லை. அதற்கும் ஒரு பெரிய மாற்றம் வந்தது, அதை 'அச்சு மாற்றம்' என்றே சொல்லலாம். இரும்புப் பட்டா போட்ட மெல்லிய சக்கரம் ரோட்டை அறுக்கும். குடமும் அச்சும் உரசுவதால் மை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வட்டை ஊறும், கோடையில் காய்ந்து சுருங்கிப் பட்டா கழன்று வரும். அப்போது கொல்லர் பட்டாவைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த சூட்டோடு வட்டையின் மேல் ஏற்றி, உடனே தண்ணீரை ஊற்றுவார். பட்டா சுருங்கி வட்டையைக் கவ்விப் பிடிக்கும். தச்சரும் கொல்லரும் இல்லாத ஊரில் வண்டி ஓடாது.

இந்த இடத்தில்தான் டயர் வண்டி வந்தது. மர அச்சையும் சக்கரத்தையும் கழற்றிவிட்டு, இரும்பு அச்சு, பால் பேரிங் அல்லது ரோலர் பேரிங், காற்றடைத்த டயர். டன்லப் மாட்டுவண்டிக்கென்றே டயர் தயாரித்து விற்றது. ஆனால் நாட்டில் பல இடங்களில் புது டயர் வாங்காமல், உடைத்துப் போட்ட லாரியிலிருந்தும் காரிலிருந்தும் அச்சையும் சக்கரத்தையும் கழற்றி வந்து பற்றவைத்தார்கள். மோட்டார் வண்டி தன் பழைய எலும்பை மாட்டுவண்டிக்குத் தானம் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலன் கைமேல் கிடைத்தது. நல்ல ரோட்டில் அதே ஜோடி மாடு ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரத்தை இழுத்தது. சேறு நிறைந்த வயலுக்குள் மட்டும் பழைய பெரிய சக்கரம்தான் மேல், சின்ன டயர் புதைந்துவிடும். அதனால் கட்டைவண்டி ஒரே நாளில் மறையவில்லை.

அச்சு மாறியது, டயர் மாறியது, பேரிங் வந்தது. வில் மட்டும் வரவில்லை! காற்றடைத்த டயரே கொஞ்சம் குலுக்கலைத் தின்றுவிடும், அது போதும் என்று விட்டுவிட்டார்கள். இழுவை குறைந்த லாபம் மாட்டுக்குப் போயிற்றா என்றால் அதுவும் இல்லை. பாரம் இரண்டு மடங்கானது, நுகத்தடி அதே நுகத்தடி. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி 1970-களில் மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். நாட்டில் சுமார் ஒன்றரைக் கோடி வண்டி ஓடிய காலம் அது. மேலாண்மை படித்த மேல்தட்டு மனிதர் மாட்டின் கழுத்தைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று சிரித்தவர்களும் உண்டு. அவர் சொன்னதில் முக்கியமானது, கழுத்தில் புண் உண்டாக்கும் நுகத்தடியை மாற்ற வேண்டும் என்பது. டயர் பரவிய வேகத்தில் புது நுகம் பரவவில்லை. காரணம் எளிது. டயருக்குப் போட்ட பணம் பாரத்தில் திரும்பி வந்தது. நுகத்துக்குப் போட்ட பணம் மாட்டின் கழுத்தோடு நின்றுவிட்டது. செலவுக் கணக்கு எழுதுகிறவன் கழுத்துக்கு எந்தப் பத்தியிலும் இடம் வைப்பதில்லை.

இதே கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மோட்டார் வண்டிக்கு வந்தால் எல்லாம் புரிய ஆரம்பிக்கும்.

டெல்டாவின் பழைய பணக்காரர்கள் வில்வண்டியிலிருந்து காருக்கு மாறினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் ஓடிய கார்களில் முன் சக்கரம் தனியாகத் தொங்குவது சீக்கிரமே சகஜமாகிவிட்டது. 1950-களின் கடைசியில் வந்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் நகல்தான். அதன் முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருந்தவை முறுக்குத் தண்டுகள். சக்கரம் மேலே போனால் நீளமான எஃகுத் தண்டு முறுக்கிக்கொள்ளும், விட்டால் திரும்பும், அவ்வளவுதான். ஃபியட் 1100-இலும் முன்பக்கம் தனித்தனிதான். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1960-களில் செய்த ஹெரால்டு ஒரு படி மேலே போய், பின் சக்கரங்களையும் தனித்தனியாக்கி வைத்திருந்தது.

அந்த ஹெரால்டின் கதை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் வாங்கியவர்களுக்கும் அந்தப் பின்பக்க அமைப்பு பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அதே காரைத் திருத்தி 'கஸல்' என்ற பெயரில் கம்பெனி வெளியிட்டபோது, பின்னால் தனித்தனிச் சக்கரத்தை எடுத்துவிட்டு ஒற்றை அச்சைப் போட்டுவிட்டார்கள். உலகம் ஒற்றை அச்சிலிருந்து தனிச் சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது தமிழ்நாட்டில் ஒரு கார் கம்பெனி எதிர்த்திசையில் போனது! இதைப் பின்தங்கிய புத்தி என்று சொல்லிவிடலாம். ஆனால் வண்டி நடுவழியில் நின்றால் யார் சரிசெய்வது என்ற கேள்விக்குக் கம்பெனி சொன்ன நேர்மையான பதில் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

ஜீப்பிலும் இதே மாதிரி ஒரு வேடிக்கை இருக்கிறது. மஹிந்திரா 1940-களின் கடைசியில் இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புக்கு முன்னும் பின்னும் ஒற்றை அச்சு, லீஃப் ஸ்பிரிங். அதே வில்லிஸ் கம்பெனி 1946-ல் அமெரிக்காவில் விட்ட ஸ்டேஷன் வேகனுக்கோ, குறுக்காகப் போட்ட ஒரே லீஃப் ஸ்பிரிங்கை வைத்துத் தனித்தனி முன் சக்கரம் கொடுத்திருந்தார்கள். குடும்பம் ஏறுகிற வண்டியல்லவா. 1949-ல் அந்த வேகனுக்கே நான்கு சக்கர இழுவை வந்தபோது அந்த வகைக்குப் பழையபடி ஒற்றை அச்சு. வில்வண்டி, கட்டைவண்டி என்ற பிரிவினை கும்பகோணத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல.

அமெரிக்காவின் பிக்கப்களும் இப்படித்தான். செவ்ரோலே தன் கார்களுக்கு 1934-ல் கொடுத்த முழங்காலை, தன் பிக்கப்களுக்கு 1960-ல்தான் கொடுத்தது. இடையில் 26 வருஷம். ஃபோர்டு பிக்கப்புக்கு 1965-ல் வந்தது, அதுவும் ஒரு அச்சை இரண்டாகப் பிரித்த மாதிரி இரட்டை அச்சு அமைப்பு. அந்த 26 வருஷமும் அமெரிக்க விவசாயி பிக்கப்பில் சோளம் ஏற்றிக்கொண்டு குலுங்கிக்கொண்டேதான் போனார்.

பிறகு அங்கே ஒன்று நடந்தது. 1940, 50-களின் பிக்கப்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றன. அவற்றின் அழகுக்காக ஆட்கள் தேடித் தேடி வாங்கி, நெடுஞ்சாலையில் கார் வேகத்தில் ஓட்ட ஆசைப்பட்டார்கள். பழைய முன்னச்சு அந்த வேகத்துக்கு ஒத்துழைக்காது. 1974 முதல் 1978 வரை விற்ற ஃபோர்டு மஸ்டாங் இரண்டாம் மாடலின் முன்பக்கம் கச்சிதமாக, ரேக் ஸ்டியரிங்கோடு இருந்ததால் காயலான் கடையில் கிடந்த அந்தக் கார்களை அறுத்துப் பழைய பிக்கப்பில் ஒட்ட ஆரம்பித்தார்கள். சும்மா கழற்றி மாட்டும் வேலை அல்ல அது. அச்சைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சக்கரத்தின் நடுப்புள்ளியைச் சேஸிஸில் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் மட்கார்டின் நடுவில் வராது. பழைய சேஸிஸ் 'ப' வடிவத் தகடு. லீஃப் ஸ்பிரிங் இருந்தபோது பாரம் இரு முனைகளில் பரவி இறங்கியது. புது அமைப்பில் எல்லாம் ஒரே இடத்தில் இறங்கும். அதனால் திறந்த பக்கத்தை இரும்புத் தகடால் மூடிப் பெட்டி போலாக்க வேண்டும். பிறகு குறுக்குச் சட்டத்தை வைத்துப் பற்றவைத்து, காயில் ஸ்பிரிங் உட்காரும் குல்லாய்களைப் பொருத்தி, ஸ்டியரிங் தண்டை வளைந்து போகும்படி இணைத்து, கடைசியில் சக்கரச் சாய்வுகளை டிகிரி கணக்கில் சரிபார்க்க வேண்டும். பற்றவைத்தது சரியில்லை என்றால் அது தெரியவரும் இடம் நெடுஞ்சாலை. இந்த வேலைக்குக் கிராக்கி கூடியதும், புதிதாகவே செய்த உதிரிபாகப் பெட்டிகளைக் கம்பெனிகள் விற்கத் தொடங்கின. வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்பவர்கள் ஏராளம்.

கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தப் பிக்கப்களுக்கு முழங்கால் கிடைத்தது அவை பாரம் சுமப்பதை நிறுத்திய பிறகுதான்.

டெல்டாவின் பிக்கப் இன்னும் ஓய்வு பெறவில்லை. 2005-ல் டாடா ஏஸ் வந்தது, நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று பேர் வைத்தார்கள். அதற்கும் முன்னால் ஒற்றை அச்சு, லீஃப் ஸ்பிரிங். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, அதுவும் அப்படியே. பாரம் பெரும்பாலும் பின்னச்சில்தானே விழுகிறது, முன்னச்சையாவது மென்மையாக வைக்கக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் பட்டறையில் இருக்கிறது. தனிச் சக்கர அமைப்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கை, கைக்கு இரண்டாக எட்டு புஷ், நான்கு பால் ஜாயின்ட். இவற்றில் ஒன்று தேய்ந்தாலும் சக்கரம் சாய்ந்து டயரை ஒரு பக்கமாகத் தின்னும். வண்டி பாரத்தில் தாழும்போது சக்கரத்தின் சாய்வும் மாறும். ஒற்றை அச்சில் எத்தனை மூட்டை ஏற்றினாலும் சக்கரம் அதே நிமிர்வில் நிற்கும். பட்டை ஒடிந்தால் ஒடிந்த பட்டையை மட்டும் மாற்றி, சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் முறுக்கி அன்றைக்கே அனுப்பிவிடலாம். அந்த வேலை தெரிந்தவர் மன்னார்குடியிலும் இருப்பார், பட்டுக்கோட்டையிலும் இருப்பார். கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைந்துகொண்டிருக்கும்போது வண்டி இரண்டு நாள் பட்டறையில் நின்றால் வாடகை போவது மட்டுமல்ல, நெல்லின் ஈரப்பதம் ஏறி விவசாயிக்கும் நஷ்டம். ஆகவே ஒற்றை அச்சை வைத்திருப்பது முட்டாள்தனமல்ல.

ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டுநரின் இடுப்பு சேரவில்லை. வண்டியின் அதிர்வு மனித உடம்பில் எவ்வளவு ஏறலாம் என்று அளப்பதற்கு சர்வதேசத் தர அமைப்பு 1974-லேயே ஐ.எஸ்.ஓ. 2631 என்று ஒரு தரத்தை வெளியிட்டது. நாள் முழுக்க அதிரும் வண்டியில் உட்காருவதற்கும் இடுப்புவலிக்கும் தொடர்பு உண்டு என்பது மருத்துவத்தில் பழகிப்போன செய்தி. குட்டி யானையில் ஓட்டுநர் உட்காருவதே முன் சக்கரத்தின் மேல்தான். ஆற்றங்கரைச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு நேராக வந்து சேரும்.

சரி, அமெரிக்கக்காரர் போல நாமே மாற்றிக்கொண்டால் என்ன? பழைய ஜீப்புக்கு டீசல் எஞ்சின் மாட்டிய நாடு இது, கை வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்தில் இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதினார்கள். வாடகைக்கு ஓடும் வண்டி எஃப்.சி. காட்டியே ஆக வேண்டும் என்பதால் ஒளித்து வைக்கவும் முடியாது. முன்பின் தெரியாதவர் பற்றவைத்த சேஸிஸ் எதிரே வருவதை நினைத்தால் சட்டத்தைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. டயர் வண்டிக்கு அச்சு மாற்றிய கொல்லர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஆனால் அந்த வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகவும் இல்லை.

ஆகவே மாற்றினால் தயாரிப்பாளர்தான் மாற்ற வேண்டும். மஹிந்திரா ஒருமுறை மாற்றியும் காட்டியது. எம்.எம். 540 வரை ஒற்றை அச்சோடு வந்த ஜீப் பரம்பரையில், 2010-ல் தார் வந்தபோது அதன் சி.ஆர்.டி.இ. வகைக்கு முன்னால் முறுக்குத் தண்டோடு தனித்தனிச் சக்கரம் கொடுத்தார்கள். பழைய ஜீப்பின் முகம், புதிய முழங்கால், அமெரிக்கக் கொட்டகைகளில் நடந்த அதே வேலையைத் தொழிற்சாலை செய்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் வார இறுதியில் மலைக்கும் கடற்கரைக்கும் போகிறவர்கள். அவர்களில் பாறை ஏறுகிற சிலருக்கு அது பிடிக்காமல் பழைய ஒற்றை அச்சே வேண்டும் என்று கேட்டது தனிக்கதை. 2020-ல் வந்த புதிய தாரில் முறுக்குத் தண்டும் போய்க் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. பொலேரோ பிக்கப் அதே பட்டைகளோடு, நாற்பது கிலோ சிப்பங்களை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்தின் வாசலில் நிற்கிறது. ஓட்டுநர் சீட்டில் ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டிருக்கிறார்.